உங்களுக்குத் தெரியுமா? உருமிக்கு ஒரு ஃபில்டர்
சுங்கை ஊடாங் பக்கம் கோயில் திருவிழாவில் உருமி மேளம் மைக்கில் முழங்கும்போது, பேஸ் பெட்டிக்கு அடித்தொனி மட்டும் போவது எப்படி? அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் சாலன், கீ இருவரும் 1955இல் வெளியிட்ட ஃபில்டர் சுற்று இதற்கு வெகு பொருத்தம். அன்று வால்வு, இன்று ஓர் ஆப்-ஆம்ப் சில்லு, இரண்டு மின்தடை, இரண்டு மின்தேக்கி. தடை ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம், தேக்கி 0.1 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு 159 ஹெர்ட்ஸில் விழும். அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் சிக்னல் கால்வாசியாகத் தேய்ந்துவிடும். மேடுபள்ளம் இல்லாத ஒலிக்குப் பெருக்கம் 1.586 வேண்டும். அதற்கென்று இன்னும் இரண்டு தடை: 10, 5.6 கிலோ ஓம் போட்டால் 1.56 வரும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆசைப்பட்டு 3 வரை ஏற்றினால், மேளமே இல்லாமல் பெட்டி தானாக இரையும்.