யாருக்கான முன்னேற்றம்? – 9: பசுவுக்குப் போட்ட ஊசி

மனித மேம்பாட்டுக் குறியீட்டைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1990-ல் கொண்டுவந்தது அது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு நாட்டுக்கு மதிப்பெண் போடும். 2020-ல் அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கும் வந்தது. ஒரு நாடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது, பூமியிலிருந்து எவ்வளவு பொருளை எடுத்துத் தின்கிறது என்று பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும் கணக்கு. நல்ல காரியம்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்துத் திருத்திய அந்தப் பட்டியலிலும் ஒரு பறவைக்கோ விலங்குக்கோ இடம் கிடைக்கவில்லை.

கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. 'ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்' என்ற இரக்கத்தை வைத்து இதற்கு வாதாடப் போவதில்லை. காரணம், இந்த வாரக் கதையில் கொலை செய்ததே இரக்கம்தான்.

மடிநோய் வந்த பசுவைப் பார்த்திருப்பீர்கள். மடி கல்லாக வீங்கிக் கிடக்கும். கன்று முட்டினால் உதைக்கும். தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்று போட்டால் வலியும் வீக்கமும் மட்டுப்படும், பசு எழுந்து நின்று தவிடு தின்னும். நமக்கு மூட்டுவலிக்குத் தரும் அதே மருந்து. 1990-களின் நடுவில் அது மலிவு விலையில் மாட்டுக்கும் வந்தது. ஏழைச் சம்சாரியின் கைக்கெட்டிய வலிநிவாரணி. இதை முன்னேற்றம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சில மாடுகள் ஊசி போட்ட ஓரிரு நாளில் வேறு காரணத்தால் செத்துப்போகும். ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறுகள் கூட்டமாக இறங்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். ஆந்த்ராக்ஸ் கிருமியே தாக்குப்பிடிக்காத அமிலம் அவற்றின் வயிற்றில். ஆனால் இந்த மருந்தைப் பாறின் சிறுநீரகம் தாங்காது. கழிக்க முடியாத யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் 1987-88-ல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353. 1996-97-ல் 150. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கண்டு சொன்ன கணக்கு இது. கழுத்தைத் தொங்கப்போட்டபடி மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகள் சில நாட்களில் செத்து விழுந்தன. ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 2004-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட மருந்து இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்கிறது கணக்கு. பாறு பந்தியில் உட்கார்ந்து தின்னும் பறவை. ஒரு மாட்டில் விஷம் என்றால் பந்தி முழுக்கச் சாவு. அதுவோ வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டையிடும். குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்து வருஷம் போல ஆகும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

பிறகு பில் நமக்கு வந்தது. அழுகிய சடலங்கள் தண்ணீரைக் கெடுத்தன. நாய்கள் தின்று பெருகின, கூடவே வெறிநாய்க்கடியும். இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களில் மனிதச் சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

இந்த எண்ணைச் சொன்னால் எந்த அதிகாரியும் நிமிர்ந்து உட்காருவார். எனக்கும் மேடையில் சொல்ல வசதியான எண்தான். ஆனாலும் உறுத்துகிறது. நமக்குத் துப்புரவு வேலை பார்த்ததால்தான் பாறு வாழலாம் என்றால், வேலை எதுவும் பார்க்காத கானமயிலின் கதி? ராஜஸ்தான் பாலையில் நூற்றைம்பது போல மிஞ்சியிருக்கும் அந்தப் பறவை மின்கம்பியில் அடிபட்டுச் சாகிறது. அது அழிந்தால் ஒரு மனிதரும் சாகப்போவதில்லை. பில் வராத உயிர் அழியலாமா? தவிர, பாறுக்கான பில்லே இருபது வருஷம் கழித்துத்தானே கைக்கு வந்தது!

சட்டம் நகர்ந்த வேகத்தைப் பாருங்கள். 2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தடை. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. அதனால் 2015-ல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிக்குத் தடை. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அசெக்ளோஃபெனாக் என்று இன்னொன்று. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். 2016-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. தடை வந்தது 2023-ல், கீட்டோப்ரொஃபெனோடு சேர்த்து. நிமெசுலைடுக்கு 2024 கடைசியில். ஒவ்வொரு மருந்தும் முதலில் சந்தைக்கு வருகிறது, அப்புறம் அது கொல்கிறதா என்று பார்க்கிறோம். பாறைக் கொல்லாது என்று நிரூபித்த பிறகே மாட்டு மருந்துக்கு உரிமம் என்று வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பிற உயிர்களை முன்னேற்றத்தில் சேர்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். குறியீட்டில் ஒரு கட்டம் சேர்ப்பது அப்புறம் நடக்கட்டும்.

இதனால் பசு வலியில் துடிக்க வேண்டியதில்லை. மெலாக்சிகாம் பாறைக் கொல்லாது என்பது 2006-லேயே தெரியும். பின்னால் டோல்ஃபெனாமிக் அமிலமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டுமே வலிக்குக் கேட்கும் மருந்துகள்.

நம் பக்கத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எண்ணியபோது கிடைத்த மொத்தம் 320. கூடலூர், மசினகுடி, தாளவாடிப் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாட்டு டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கும்போது 'மெலாக்சிகாம்தானே சார்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கான ஊசியை வாங்கி நீங்களே போடாதீர்கள். என்ன ஊசி போட்டது என்று தெரியாத மாடு செத்தால், வெளியே இழுத்துப் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.