'ஸ்ட்ரைக் ஓஃப்': பெயர் வெட்டுதல்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு சிறு சொல்லொன்று சேருங்கால், தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத மூன்றாவது பொருள் பிறப்பதுண்டு. தமிழிலும் 'கைவிடுதல்' என்னுமிடத்துக் கையைப் பற்றிய பேச்சே இல்லையன்றோ? 'ஸ்ட்ரைக்' என்பது அடித்தல். 'ஓஃப்' என்பது அப்பால். இரண்டுஞ் சேர்ந்து, இடாப்பிலுள்ள பெயரை வெட்டி நீக்குதலைக் குறிக்கும். ஒழுக்கந் தவறிய சட்டத்தரணியை நீக்குதற்கும் இதுவே வழங்கும். 'அவரை' என்னுஞ் சுட்டுப்பெயர் வரின், அஃது இவ்விரு சொற்களுக்கும் நடுவே நிற்றல் வேண்டும். ஈற்றில் நிற்பது பிழை.

கலஹாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இதனை விளக்க அகராதி வேண்டா. செக்ரோலிற் பேர் விழுந்தால் நாட்கூலி; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்; பேரே வெட்டுப்பட்டால் வேலையுமில்லை, லயக்காம்பிராவும் நிலையில்லை.

இங்கு நாம் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. முன்னரே எழுதப்பட்ட பெயரையன்றி வேறெதனையும் வெட்டுதல் இயலாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருட் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பில் இல்லை. 'சேர்க்கப்படாதவர்' என அவரைக் குறித்தல் பொருந்தாது. 'வெட்டப்பட்டவர்' என்பதே பொருந்தும். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. வெட்டுதற்கு ஒரு கோடு போதும். மீள எழுதுதற்கோ அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.