நட்டும் நகரமும் – 9: கால் சுற்று அதிகம்

காலையில் காரை எடுக்கப் போனபோது தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். தொட்டு முகர்ந்தேன். டீசல். இரண்டு நாள் முன்னால்தான் ஃபில்டர் மாற்றியிருந்தேன். மாற்றிய இடத்துக்கே கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் பானட்டைத் திறந்து, ஃபில்டர் தலையிலிருந்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தான். “இனிமே வராது சார்” என்றான். நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது வண்டிக்குள்ளேயே வாடை தூக்கி அடித்தது. பின் சீட்டில் இருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று மாலையே கலாசிபாளையம் பக்கத்துச் சந்தில் இருக்கும் மேஸ்திரியிடம் போனேன். டீசல் பம்ப், நாசில் வேலை மட்டும் பார்ப்பவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து சிறுவனாக பெங்களூருக்கு வந்தவர். அவர் ஸ்பேனரை வைத்து மெல்லத் திருப்பினார். போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் ஃபில்டர் தலைக்குள்ளேயே நின்றது.

“சார், லீக் ஆனது அந்த வாஷராலதான். இந்தப் போல்ட்டு பாவம், என்ன பண்ணும்?” என்றார்.

நான் இந்தத் தொடரைத் தொடங்கும்போது நட்டு போல்ட்டைப் பற்றியே ஒரு வாரம் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அந்த போல்ட்டின் பெயர் பேன்ஜோ போல்ட். சாதாரண போல்ட் மாதிரி உள்ளே நிறைந்த இரும்பு இல்லை. புல்லாங்குழல் போல நடுவில் குடைந்து, பக்கவாட்டில் துளை போட்டிருக்கும். குழாயின் முனையில் உள்ள வளையம் அந்தத் துளையைச் சுற்றி உட்காரும். டீசல் வளையத்துக்குள் வந்து, துளை வழியே நுழைந்து, போல்ட்டின் வயிற்றுக்குள்ளாகவே ஓடும். வளையத்துக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். துளை போட்ட இடத்தில் மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர்தான். பல்லைக் கடித்து இழுத்தால் அந்தச் சுவரில்தான் விரிசல் விழும். உடனே தெரியாது. என்ஜின் அதிர அதிர, சில நாளில் விட்டுப்போகும்.

இதை மேஸ்திரி எனக்கு விளக்கிய சந்திலிருந்து ஆடுகோடி சில கிலோமீட்டர்தான். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஊர் வாயில் மைக்கோ, ஆடுகோடியில்தான் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். 2008-ல் பெயரே பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. உற்பத்தி பிடதிக்கு நகர்ந்தது. பழைய ஆலை இருந்த இடத்தில் எழுந்த புதிய வளாகத்தை 2022 ஜூன் 30 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆனாலும் மைக்கோ லேஅவுட் மைக்கோ லேஅவுட்டாகவே இருக்கிறது. நாடு முழுக்க டீசல் பம்ப் பட்டறைப் பலகைகளில் அந்த மூன்றெழுத்து இன்னும் அழியவில்லை.

அந்தப் பழைய பம்புக்குள் பிளஞ்சர் என்ற சிறு உருளை, பேரல் என்ற கூட்டுக்குள் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ரப்பரும் கிடையாது, வாஷரும் கிடையாது. உலோகத்தின் நெருக்கமே அடைப்பு. அந்த பேரலுக்கு மேலே டெலிவரி வால்வ் ஹோல்டர் என்று ஒரு பெரிய நட்டு போன்ற பாகம் திருகப்பட்டிருக்கும். அதைச் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும்? ஹோல்டர் உடையாது. மரையும் போகாது. அடியில் இருக்கும் பேரல், கண்ணுக்குத் தெரியாத அளவில், கோணும். பிளஞ்சர் அதற்குள் உரசத் தொடங்கும். வண்டி ஐட்லிங்கில் தடுமாறும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காது. மேஸ்திரி இளவயதில் வேலை கற்ற பட்டறையில், இந்த ஹோல்டரை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொட்ட பையனை அன்று முழுக்க வேறு வேலை தொடவிட மாட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் பட்டறைகளில் பதில் ‘நல்லா’ என்பதுதான். நல்லா டைட் பண்ணு. இந்த ‘நல்லா’வில்தான் எனக்குச் சண்டை.

போல்ட் ஒரு ஸ்பிரிங். மரத்தில் அடிக்கும் ஆணி மாதிரி அதை நினைத்துவிடுகிறோம். இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவாக நீட்டினால் அதிர்வில் தளரும். எல்லை தாண்டி நீட்டினால், இழுத்து இழுத்துத் தொளதொளத்த ரப்பர் பேண்ட் மாதிரி, திரும்பச் சுருங்கும் சக்தியே போய்விடும். பிறகு அது பிடித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

நாம் கையால் கொடுக்கும் திருகு விசை அத்தனையும் போல்ட்டை நீட்டுவதற்குப் போவதில்லை. ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வில். மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் கடைசி 10 தலைகீழாக மாறும் என்பது இதிலேயே தெரிகிறது.

13-ம் நம்பர் ஸ்பேனர் போடும் 8 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்வோம். தலையில் அதன் பலத்தைச் சொல்லும் 8.8 என்ற எண் பொறித்திருக்கும். மரை காய்ந்து சுத்தமாக இருக்கும்போது 25 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அலகு) அளவுக்கு இறுக்கினால் சுமார் 1.6 டன் இழுவிசை வரும். ஒரு சிறிய காரையும் அதில் போகிற குடும்பத்தையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்கிற விசை அது. இதே போல்ட்டை மரையில் எண்ணெய் பட்ட நிலையில், அதே 25-க்கு இறுக்கினால்? உராய்வு குறைந்துவிடுவதால் இழுவிசை 2.1 டன் வரை போய்விடும். அந்த போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லையும் ஏறக்குறைய அதே 2.1 டன்தான்.

எரிபொருள் வேலையில் மரை எப்போதும் நனைந்துதான் இருக்கும். குழாயைக் கழற்றியதும் டீசல் வழியும், போல்ட் அதில் ஊறும், அப்படியே எடுத்துத் திரும்ப மாட்டுவோம். என்ஜினின் மற்ற இடங்களை விட இங்கேதான் அதே கை, அதே ஸ்பேனர், அதே இழுப்பு அதிகமாகிவிடுகிறது. மரையைத் துடைத்துக் காயவைத்து மாட்ட வேண்டும். எண்ணெய் போடச் சொல்லி மேனுவலில் இருந்தால் மட்டும் போட வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷம்.

கைக்கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முப்பது வருஷம் கையாலேயே இறுக்கிப் பழகியவர்களை நான் மதிக்கிறேன். 17 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 15 கிலோ இழுப்பு கொடுத்தால் 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 10-ம் நம்பர் ஸ்பேனர் போடும் 6 மி.மீ. போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10-தான். ஸ்பேனரும் கொஞ்சம் குட்டை. 7 கிலோ இழுப்பு போதும். எரிபொருள் பாகங்களில் இந்தச் சின்ன போல்ட்தான் அதிகம். அதுவும் அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் போய் உட்காருவது. வீல் நட்டு இறுக்கிய கை அப்படியே இங்கே வந்தால் மரை வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும்.

இப்போது வாஷர். மேஸ்திரி அன்று சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அடைப்பது வாஷர், அழுத்துவது மட்டும்தான் போல்ட்டின் வேலை. செம்பு வாஷர் மென்மையானது. முதல் முறை இறுக்கும்போது நசுங்கி, எதிரே இருக்கும் பரப்பின் சின்னச் சின்னக் கீறல்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். அடுத்த முறை கழற்றி மாட்டினால், கெட்டியான செம்பு புதுக் கீறலுக்குள் புகாது. கசியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்குகிறோம். என் வண்டியில் நடந்தது முழுக்க இதுதான். புது ஃபில்டர் போட்டார்கள், பழைய வாஷரையே போட்டார்கள்.

பழைய லாரி மெக்கானிக்குகளுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். செம்பு வாஷரைக் கம்பியில் கோர்த்து நெருப்பில் சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போடுவார்கள். இரும்பு என்றால் கெட்டியாகிவிடும். செம்பு அப்படியில்லை, இளகிப் பழைய மென்மைக்குத் திரும்பும். நடுவழியில் டீசல் லைனில் காற்று புகுந்து ஏர் லாக் ஆகி நிற்கும் வண்டியில், கடை இல்லாத இடத்தில், அது அருமையான அறிவு. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் நின்றுகொண்டு அதைச் செய்ய வேண்டியதில்லை. புது வாஷர் ஒரு டீ விலைதான்.

ரப்பர் ஓ-ரிங் இருக்கிற இடத்திலும் இதே கதை. 2023 பிப்ரவரி 6 அன்று 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தியது இதே பெங்களூரில்தான். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊதும், நாளடைவில் இறுகி வெடிக்கும். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கசிவைக் கண்டால் ஹோஸ் கிளிப்பை இன்னும் இரண்டு திருகு திருகுகிறார்கள். கிளிப் ரப்பரை அறுத்துவிடும். கழற்றுங்கள், ரப்பரைப் பாருங்கள், மாற்றுங்கள்.

இது தெருப் பட்டறைக்கு மட்டுமான விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010 பிப்ரவரியில் மாருதி சுஸுகி சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் டேங்கில் பம்ப் உட்காரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றுவதற்காக. பெரிய தொழிற்சாலையில் செய்த வண்டிக்கே ஒரு சின்ன வளையத்துக்காக இவ்வளவு பெரிய வேலை. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த பம்பைக் கழற்ற, பிளாஸ்டிக் வளையத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். முதலில் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பழைய டீசல் பம்புக்குப் பின் வந்த காமன் ரெயில் வண்டிகளில் நிலைமை வேறு. குழாய்க்குள் 1600 பார், சில வண்டிகளில் 2000-க்கும் மேல். உலகின் ஆழமான கடலடியில் இருக்கும் அழுத்தமே சுமார் 1100 பார்தான். அந்த இரும்புக் குழாயின் முனை ஒரு கூம்பு. முதல் இறுக்கத்திலேயே எதிர்ப்பரப்புக்கு ஏற்ப நசுங்கி உட்கார்ந்துவிடும். அதனால்தான் பல கம்பெனிகள் கழற்றிய குழாயைத் திரும்பப் போடாதே என்கின்றன. மாட்டும்போது இரண்டு முனையையும் கையால் முழுக்கத் திருகிவிட்டு, குழாய் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்த பிறகு, ஒரு ஸ்பேனரால் எதிர்ப்பக்க இணைப்பைப் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்க வேண்டும். இன்ஜெக்டர் கிளாம்ப் போல்ட்டுகளுக்குச் சில மேனுவல்கள் சின்ன அளவு ஒன்று சொல்லி, அதற்குமேல் இத்தனை டிகிரி திருப்பு என்கின்றன. கோணத்தை உராய்வு ஏமாற்ற முடியாது. போல்ட் எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவு நீளும். அப்படி இறுக்கும் போல்ட்டில் பலவும் ஒரே முறை போடுவதற்கானவை.

ஓடும் என்ஜினில் அந்தக் குழாய் கசிகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவே கூடாது. ஊசி மாதிரி பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலி கூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழியத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரல் போகலாம். பையன்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்ட பட்டறைகளில் பாதிப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மேஸ்திரியிடம் இரண்டு டார்க் ரெஞ்ச் இருக்கின்றன. சின்னது 5-லிருந்து 25 வரை, பெரியது அதற்கு மேல். பெரியதில் இரண்டு அளவுகோல்: ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறுபக்கம் பவுண்டு அடி. பவுண்டு அடியில் 25 வைத்தால் உண்மையில் 34 நியூட்டன் மீட்டர் போய்விடும். அதனால் அந்தப் பக்கத்தின்மேல் டேப் ஒட்டிவிட்டார். வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கி, துடைத்து, பெட்டிக்குள் வைக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்க அனுப்புகிறார். ‘டிக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் பட்டறைச் சட்டம். இன்னொரு டிக் கேட்டால் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

உடைந்து உள்ளே நின்ற துண்டை எடுக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. புது போல்ட், இரண்டு புது வாஷர். மரையைத் துணியால் துடைத்தார், விரலால் திருகினார், ரெஞ்சை வைத்தார். டிக். என்ஜினைப் போடச் சொன்னார். ஒரு பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து ஃபில்டருக்கு அடியில் செருகினார்.

“பத்து நிமிஷம் ஓடட்டும் சார்.”

இருவரும் டீ குடித்தோம். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். காய்ந்திருந்தது.

(தொடரும்)