குவியல் எங்கே முடிகிறது?

ஒரு நெல் குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்துவிட்டால் மிச்சம் குவியல்தானே? இன்னொரு மணி எடுத்தாலும் குவியல்தான். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரே மணி நிற்கும். அதையும் குவியல் என்பீர்களா? களத்துமேட்டில் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் கேட்டேன். "வேற சோலி இல்லையாடா?" என்றார். ஆனால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் யூபுலிடீஸ் போட்டதாகச் சொல்லப்படும் இந்தப் புதிர், பெரிய பெரிய தத்துவ அறிஞர்களையே திணறடித்திருக்கிறது.

காரணம், பழைய தர்க்கத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டே பதில்தான். எந்த மணியோடு குவியல் முடிந்தது என்று விரல் வைத்துக் காட்டியாக வேண்டும்.

1965-ல் பெர்க்லி பேராசிரியர் லோட்ஃபி ஜாதே வேறு வழி சொன்னார். 0-க்கும் 1-க்கும் நடுவில் எந்த எண்ணையும் உண்மையின் அளவாக வைக்கலாம். மணி குறையக் குறைய 'குவியல்' என்பதன் அளவும் 0.9, 0.6, 0.2 என்று மெல்ல இறங்கும். இதுதான் ஃபஸ்ஸி லாஜிக்.

இதை நிகழ்தகவு என்று நினைத்து நானும் முதலில் குழம்பினேன். 'மழைக்கு வாய்ப்பு 0.5' என்றால் பெய்யுமா என்று நமக்குத் தெரியாது. 'தண்ணீர் சூடு 0.5' என்றால் கையை விட்டுப் பார்த்தாயிற்று, வெதுவெதுப்பாக இருக்கிறது. 'சூடு இல்லை' என்பதும் 1-லிருந்து கழித்தால் அதே 0.5! அரிஸ்டாட்டில் கேட்டால் சண்டைக்கு வருவார்.

இது வெறும் பேச்சில்லை. 1970-களில் லண்டனில் மம்தானியும் அவர் மாணவர் அசிலியனும் சின்ன நீராவி எஞ்சின் ஒன்றை இந்த முறையில் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகர சுரங்க ரயிலிலும் இது வந்தது. 'வேகம் கொஞ்சம் அதிகமானால் பிரேக்கைக் கொஞ்சம் பிடி' என்கிற மாதிரி விதிகள். ஆனால் பிரேக்குக்குக் கடைசியில் திட்டமான ஒரே எண்தான் போக வேண்டும். எல்லா விதிகளும் தரும் அளவுகளைச் சேர்த்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஆக, கோடு போடத்தான் செய்கிறார்கள், எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகு.

போன செமஸ்டர் கணக்கில் எனக்கு 38. பாஸுக்கு 40 வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். சான்றிதழ் தர ஒரு கோடு வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3 வாங்கியவனுக்கும் எனக்கும் ஒரே பெயரா?

"பாஸா, ஃபெயிலா?" என்றார் அப்பா. ஃபெயில் என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா மட்டும், "எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப ரெண்டுதானே" என்று சோறு போட்டாள். ஏப்ரலில் திரும்ப எழுதுகிறேன்.