டோக்கன் கொடுப்பதற்கு முன்

வீடு பிடித்துப்போனால் நம் ஊரில் அடுத்து நடப்பது இதுதான். "இன்னும் ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க" என்பார் புரோக்கர். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்குத் தட்டில் 51,000 ரூபாயோ ஒரு லட்சமோ வைத்து டோக்கன் கொடுத்துவிடுவோம். பத்திர நகல் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். வக்கீல் ஏதாவது குறை சொல்லும்போது பணம் விற்பவரிடம் இருக்கும். சொந்தபந்தத்துக்கெல்லாம் வீடு முடிந்த செய்தி போயிருக்கும். அந்த நிலையில் குறையைக் குறையாகப் பார்க்க மனம் வராது. அதனால் வரிசையை மாற்ற வேண்டும்: காகிதம் முதலில், விலை பிறகு, டோக்கன் கடைசியில்.

முதலில் விற்பவரிடம் அவருடைய கிரயப் பத்திரத்துக்கும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களுக்கும் ஜெராக்ஸ் கேளுங்கள். "அட்வான்ஸ் கொடுத்தால்தான் தருவோம்" என்பவர்கள் உண்டு. மோசடிக்குப் பயந்து அப்படிச் சொன்னால் அது நியாயமான பயம்தான். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதுவே போதும், மிச்சத்தை நாமே தேடலாம். பார்க்கும்போது அசல் பத்திரம் கண்ணில் பட வேண்டும். ஜெராக்ஸ் மட்டுமே காட்டினால் அசல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் இ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கலாம். விற்பனை, அடமானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை என்று பதிவான ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இருக்கும். ஒருவர் வாங்கியிருக்கிறார், அடுத்து வேறு யாரோ விற்றிருக்கிறார் என்றால் இடையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள். வங்கியில் அடமானம் வைத்த பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீதுப் பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கலாம்.

ஆனால் இ.சி. சுத்தமாக இருக்கிறது என்பதோடு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. பதிவானது மட்டுமே இ.சி.யில் வரும். பதியாத உயில் வராது. வீட்டில் இருப்பவர் லட்சக்கணக்கில் கொடுத்து, வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு போக்கியத்துக்குக் குடியிருந்தால் அதுவும் வராது. அந்தப் பணம் திரும்பி வராமல் அவர் காலி செய்யவும் மாட்டார். நீதிமன்றத்தில் நடக்கும் பாகவழக்கு வராமல் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கையெழுத்துப் போட வேண்டியவர் போடவில்லை என்பதை இ.சி. சொல்லாது.

தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அந்தப் பாட்டி பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, நீங்கள் பார்த்தே இராத, விற்பவரின் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் அந்த வீட்டில் ஒரு துண்டு இருக்கிறது. "எங்க அக்காவுக்குக் கல்யாணத்துலயே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் மனதாரச் சொல்வார். சீர் செய்ததால் பங்கு தீராது. அக்கா பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயத்தில் தானும் கையெழுத்துப் போட வேண்டும்.

பூர்வீகச் சொத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே வாரிசுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து எங்கே என்று தேடுங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால், தாயோ தந்தையோ அவர் சார்பில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அவருக்குச் சொந்தமான பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத கிரயத்தை அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு; வக்கீலிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பெற்றோர் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீட்டை மகன் விற்கிறாரா? அந்தப் பெற்றோரை நேரில் பாருங்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, அது நடக்கவில்லையென்றால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் அவர்கள் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். பவர் வாங்கியவர் விற்றால் பவர் கொடுத்தவரிடம் நீங்களே பேசுங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே பொதுவாகப் பவரும் முடிந்துபோகிறது.

இனி மண். வருவாய்த்துறையின் இணைய சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் கிடைக்கும். பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகாது. ஆனால் பத்திரத்தில் ஒரு பெயரும் பட்டாவில் வேறு பெயரும் இருந்தால் காரணம் தெரிந்தாக வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டை அ-பதிவேடு சொல்லும்: புறம்போக்கா, கோயில் நிலமா, 1892-இல் ஆங்கிலேய அரசு தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று அதில் தேடிப் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. அது சட்டத்தின் கேள்வி மட்டுமல்ல, இழந்தவர்களின் நியாயமும்கூட. பிறகு டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்று பத்திரம் சொல்லும். பக்கத்து மதில் இரண்டடி உள்ளே வந்திருக்கும்.

மனை அங்கீகாரத்துக்கு ஒரு தேதியை நினைவில் வையுங்கள்: 2016 அக்டோபர் 20. அதற்கு முன் அனுமதியில்லாமல் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, தளங்களை எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதே முக்கியமான எண். கட்டடம் பழசாகும், நிலப் பங்குதான் கடைசிவரை விலை பேசும்.

தண்ணீரைப் பற்றி எந்தக் காகிதமும் முழுதாகச் சொல்லாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிர்வீட்டு அம்மாவிடமும் டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள். விற்பவருக்கு அதில் நஷ்டம் உண்டு, அவர்களுக்கு இல்லை. சென்னையில் சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டு, பழைய வீடுகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, போர் தண்ணீர் உப்பா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் டேங்கா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் விலை பேச்சு. பக்கத்துச் சர்வே எண்களுக்கு இ.சி. போட்டால் சமீபத்தில் என்ன தொகைக்குப் பதிவானது என்று தெரியும். உண்மை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் பேச ஒரு பிடி கிடைக்கும். பதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம், முன்னதாகவே ஆடிட்டரைப் பாருங்கள்.

டோக்கன் தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரசீதில், காகிதத்தில் குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் முழுத் தொகையும் திரும்ப வரும் என்ற ஒரு வரி இருக்கட்டும். அடுத்து எழுதும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதுதான் சட்டம். விற்பவரின் வங்கிக் கடனில் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் யார் அடைப்பது, வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருப்பவர் எப்போது காலி செய்வார், வெளியூரில் இருக்கும் அக்கா கையெழுத்துக்கு எந்த நாளில் வருவார் என்பதெல்லாம் அதில் எழுத்தில் வர வேண்டும்.