பெரிய மார்க்கெட்டிலிருந்து கடற்கரைக்கு



புதுவைக்கு வருவோரில் பலர் கடற்கரைச் சாலையில் தொடங்கி, அங்கேயே சுற்றி, மாலையில் ஊர் திரும்பிவிடுகின்றனர். நான் இன்று சொல்லப்போகும் வழி வேறு. விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குச் செல்லுங்கள். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே, மணிக்கூண்டைச் சுற்றிப் பரந்து கிடக்கும் இச்சந்தைக்குக் குபேர் அங்காடி என்று பெயர் சூட்டப்பட்டிருப்பினும், ஊரார் வாயில் அது பெரிய மார்க்கெட்டேதான்.

மீன் விற்கும் பகுதியில் சற்று நில்லுங்கள். ஈரமும் இரைச்சலும் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். கூடை வைத்திருக்கும் அம்மாவிடம், "இது எந்தத் தண்ணீர் மீன்?" என்று பணிவாகக் கேளுங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் கடலின் மீன்கள். கொடுவாயும் மடவையும் சேற்று நண்டும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிகளில் செழிப்பவை. அப்பால் மளிகைக் கடையில் உப்பு இருக்கும். வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. இவ்வாறு பார்த்தால் சந்தையே இக்கரையின் வரைபடம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கூடையும் ஒருநாட் பயணத்திற்கு ஓர் அழைப்பு.

முதலில் கழியின் மீன் காட்டும் வழியே தெற்கு நோக்கிச் செல்வோம். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு என்றும் அரியாங்குப்பம் ஆறு என்றும் இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்பாற்றில் படகுத்துறை உண்டு. விடுமுறை நாட்களில் கூட்டமும் உண்டு. எனக்கு உகந்தது அரியாங்குப்பம் ஆறே. அதன் கழிமுகத்தருகே தேங்காய்த்திட்டுப் பக்கத்தில் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் விரலாக மேலெழும் வேர்களைக் காணலாம். சேற்றுக்குள் காற்றில்லாமையால் செடி மூச்சுவிடுவதற்கென்று மேலே அனுப்பிய வேர்கள் அவை. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளர்வது அவ்வேர்களின் நடுவேதான்.

அதே ஆற்றின் தென்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. இன்று அங்கே காண்பதற்கு அதிகமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மரங்கள், ஒரு மேடு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்கள். ஆனால் 1945-இல் மார்ட்டிமர் வீலர் இவ்விடத்தைத் தோண்டியபோது இத்தாலியில் செய்யப்பட்ட மெருகிட்ட செம்மண் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அக்கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்னமே அறியப்பட்டிருந்தது. ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானை ஓடுகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்குக் கிடைத்த உறுதியான காலக் கணக்குகளுள் இது முதன்மையானது. பின்னர் 1947-48-இல் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். கப்பல் வணிகர் இவ்விடத்தை நாடியதற்கு ஒரு காரணம் உங்கள் கண்ணுக்கே தெரியும்: திறந்த கடலின் அலைக்கு அஞ்சாமல் மரக்கலம் ஒதுங்க ஆறு இடந்தருகிறது.

அங்கிருந்து கிழக்கே வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் மீனவர் ஊர். அதன் அகன்ற மணற்கரையில் நடந்து பாருங்கள். கால் வலிக்குமளவு மணல். இம்மணலை மனத்தில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிக் கடற்கரைச் சாலையில் நின்றால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சாலையின் பெரும்பகுதியில் மணலே இல்லை. கருங்கற்குவியலில் அலை மோதுகிறது. இடையில் சில கிலோமீட்டர் தூரந்தானே! ஓரிடத்தில் அவ்வளவு மணலும் மற்றோரிடத்தில் வெறுங்கல்லும் ஏன்?

விடை நடுவிலிருக்கும் துறைமுகத்தில் உள்ளது. நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதன்று. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் அது ஊர்ந்துகொண்டே இருக்கும்: ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் அமைத்தபோது, அலையைத் தடுக்கக் கல்லணைகளைக் கடலுக்குள் நீட்டினர். அவை அலையை மட்டுமா தடுத்தன? மணலையும் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே இருந்ததை அலை கொண்டுபோயிற்று, ஈடு செய்ய வரவேண்டிய மணல் வரவில்லை. ஊரின் பழைய பாலங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1952 புயலில் அழிந்த இரும்புப் பாலமும், அதற்குப்பின் கட்டப்பட்டு 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்த பாலமும் கால்களின்மேல் நின்றவை. கால்களின் இடையே மணல் தடையின்றிச் செல்லும். கல்லணையில் அத்தகைய இடைவெளி இல்லை.

நகரைக் காக்கக் கல் கொட்டினர், நகரம் தப்பியது. ஆனால் அரிப்பு நிற்கவில்லை, கல் முடியுமிடத்திற்கு நகர்ந்தது. பிற்பகலில் வடக்கே தந்திராயன்குப்பத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் சென்றால் அதைக் காணலாம். மீனவர்க்கு மணல் உலாவும் இடம் மட்டுமன்று. படகை இழுத்து ஏற்றுவதும், கரைவலை வலிப்பதும், வலை உலர்த்துவதும், மீன் காயவைப்பதும் மணலின் மீதே. கரை குறைந்த ஊரில் வீட்டு வாசல் வரை கடல் வந்துவிடுகிறது. காலையில் மார்க்கெட்டில் பார்த்த கூடைகளை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவான செயற்கைத் திட்டொன்றை அமைத்தனர். அலையின் வேகம் அங்கே தணிவதால் ஒரு சிறு மணற்கரை மீண்டும் தோன்றியது. அதில் குழந்தைகள் விளையாடக் கண்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். வடக்கிலுள்ள குப்பங்களுக்கும் மணல் கிடைக்க வேண்டுமானால், துறைமுக வாயிலில் தேங்கும் மணலை இடைவிடாது வாரி வடக்கே சேர்க்க வேண்டும் என்பது பொறியியலார் பலரின் கருத்து.

உப்புக் கூடையின் வழியை மற்றொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அடைந்தால் உப்பளங்களும், கடலோடு கழியால் இணைந்த கழுவேலி ஏரியும் உண்டு. 2024-இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த நீர்ப்பரப்பு அது. உப்பு விளைவதைக் காணக் கோடையிற் செல்லலாம். வலசைப் பறவைகளைக் காணத் தை மாதமே ஏற்றது. விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். ஏரிக்கரையில் நிழல் மிகக் குறைவு.