பானைக்குள் பானை

கோடைக்கால நண்பகலில் வழிநடந்து களைத்தவர்க்குத் தண்ணீர்ப் பந்தலின் மட்பானை நீரைப்போல் இனிப்பது வேறொன்று இல்லை. அந்நீரைக் குளிரச் செய்வது பனிக்கட்டியும் அன்று; மின்சாரமும் அன்று. பானையின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் பல உள்ளன. அவற்றின் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசிந்து, காற்றுப் பட்டு ஆவியாகின்றது. ஒரு கிராம் நீர் அவ்வாறு ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் பெரும்பகுதியைப் பானையினின்றும் அதிலுள்ள நீரினின்றும் அது கவர்ந்து செல்கின்றது. ஆதலால் எஞ்சிய நீர் குளிர்கின்றது.

நீரைக் குளிர்விக்கும் இம்முறை உணவுப் பொருளையும் காக்கும் அன்றோ? இதனைச் செய்து காட்டிப் புகழ் பெற்றவர், ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா நாட்டைச் சேர்ந்த முகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர் ஆவார்.

நைஜீரியாவின் வடபகுதியில் ஜிகாவா என்னும் வறண்ட மாநிலம் உள்ளது. 1990ஆம் ஆண்டுகளில் அதன் சிற்றூர்கள் பலவற்றை மின்சாரம் எட்டவில்லை. உழவர் அரிதின் முயன்று விளைவித்த தக்காளியும் கத்தரிக்காயும் கீரையும் கடும் வெப்பத்தால் விரைவில் அழுகின. அழுகுமுன் விற்றாக வேண்டியிருந்தமையால், கிடைத்த விலைக்கே அவற்றைக் கொடுத்தனர். அன்றன்று பறித்தவற்றை அன்றன்றே விற்பதற்காகச் சிறுமியர் பலர் பள்ளியை மறந்து தெருத்தெருவாகத் திரிந்தனர்.

அப்பா மட்பாண்டம் வனையும் குடும்பத்திற் பிறந்தவர். பானையின் இயல்பை இளமையிலேயே அறிந்திருந்த அவர், 1995ஆம் ஆண்டில் ஓர் எளிய கருவியை அமைத்தார். பெரிய மட்பானை ஒன்றினுள் சிறிய பானை ஒன்றை வைத்தார். இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை மணலால் நிரப்பி, அம்மணலை நீரால் நனைத்தார். உட்பானையில் காய்கறிகளை இட்டு, ஈரத்துணியால் மூடினார். மணலிலுள்ள நீர் வெளிப்பானையின் துளைகள் வழியே கசிந்து ஆவியாகுந்தோறும், உட்பானையின் வெப்பம் குறைந்தது. மணல் உலராதவாறு நாள்தோறும் நீர் ஊற்றுதல் ஒன்றே செய்யவேண்டிய பணி.

பயன் வியப்பளித்தது. மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் 27 நாள் வரை கெடாதிருந்தது. ஒரே நாளில் வாடும் கீரை 12 நாள் வரை பசுமை மாறாதிருந்தது. அப்பா உள்ளூர்க் குயவரைக் கொண்டு பானைகள் செய்வித்து, முதலில் 5,000 பானைகளைச் சிற்றூர் மக்களுக்கு விலையின்றி வழங்கினார். எழுத்தறியாதோரும் இதன் பயனை உணரும்பொருட்டு, நாடகமாக நடிக்கச் செய்து படம்பிடித்து ஊர்களிற் காட்டினார். 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இக்கருவிக்கு ஓர் எல்லையும் உண்டு. காற்று வறண்டிருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும். கடற்கரை ஊர்களைப்போல் காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் இதன் பயன் குறைவு. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்திலேயே பானையை வைத்தல் வேண்டும். மேலும், இது காய்கறியும் கனியும் காக்க வல்லதேயன்றி, இறைச்சியையும் பாலையும் நெடுநாள் காக்கும் அளவிற்குக் குளிர்ச்சி தருவதன்று.

எனினும் இதனால் விளைந்த நன்மை பெரிது. காய்கறி கெடாமையால், உழவர் நல்ல விலை வரும்வரை காத்திருக்க இயன்றது. நாள்தோறும் விற்கச் செல்லும் கட்டாயம் நீங்கவே, சிறுமியர் பள்ளி செல்ல வழி பிறந்தது. மண்ணும் மணலும் நீரும் எங்கும் உள்ளவை. மட்பானையோ மிகப் பழையது. அப்பழம் பொருளையே புதிய நோக்குடன் கண்ட ஒருவரின் அறிவு, காய்கறியை மட்டுமன்றிக் குழந்தைகளின் கல்வியையும் காத்தது. பிறர் துயர் துடைக்க முனையும் அறிவே பயனுடைய அறிவாகும்.